பேரில்லாத லெப்டினன்ட்

அத்தியாயம் ஒன்பது

ஆர்லீன் எதையோ மறைக்கிறாள் என்பதில் அந்தச் சனிக்கிழமை காலையில் நடீனுக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம்கூட நிறையவில்லை. அதற்குள் அப்பா மெர்ல் ரூடிசில் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்த ஆர்லீனைக் கல்யாணம் செய்து வீட்டுக்குக் கூட்டி வந்ததும், கண்ணாடி அலமாரியின் சாவி ஆர்லீனின் கொத்துக்குப் போனதும் நமக்குத் தெரியும். அதற்கப்புறம்தான் அலமாரியில் இடைவெளிகள் விழ ஆரம்பித்தன.

சாதாரண அலமாரி இல்லை அது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து ராணுவ அதிகாரிகளின் படங்கள் இருக்கும் அலமாரி. சீட்டுக்கட்டு அளவு அட்டைப் படங்கள், தகரத் தகட்டில் எடுத்தவை, வெல்வெட் பெட்டிக்குள் கண்ணாடியில் எடுத்தவை. மாவட்ட அலுவலகத்தில் நில வரைபடம் போடுபவராக இருந்த காலத்திலிருந்து அப்பா சேர்த்தது. தெற்குப் பென்சில்வேனியாவில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் தெருவுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களிலும் மெர்ல் ரூடிசில் சொன்னால் சொன்னதுதான். இது இன்ன ஆள், இன்ன படைப்பிரிவு என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டால் அப்பீல் கிடையாது.

ஆர்லீன் செவ்வாய்க்கிழமை தவறாமல் காரை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வருகிறாள் என்று போன வாரம்தான் நடீன் கண்டுபிடித்திருந்தாள்.

இன்று தீயணைப்புக் கூடத்தில் வருடாந்திரப் படச் சந்தை. அப்பாவைக் கூட்டிப்போக வந்தவளிடம் அவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமலே, "நான் வரல. முட்டி வலிக்குது" என்றார்.

"முட்டி வலிச்சா உட்கார்ந்துக்க வேண்டியதுதானே? அங்க நாற்காலிக்கா பஞ்சம்?"

"உனக்கென்ன திடீர்னு அக்கறை? செத்தவனுங்க சந்தைன்னு கிண்டல் பண்றவ நீதானே?"

"நிமோனியாவோட கம்பளியைச் சுத்திக்கிட்டுப் போன ஆளுப்பா நீங்க. முட்டிக்கா பயப்படறீங்க?"

அப்பா பொரித்த ஸ்க்ராப்பிள் இறைச்சித் துண்டைக் கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கிக்கொண்டே இருந்தார். ஒன்றைக்கூட வாயில் போடவில்லை.

அடுப்பங்கரையில் மாவு பிசைந்துகொண்டிருந்த ஆர்லீன் திரும்பாமலே சொன்னாள். "நீயும் போகாதே நடீன். பனி கரைஞ்சு ஊரெல்லாம் சேறு. மத்தியானம் மாவுத் துண்டு போட்டுக் கோழி பாட்பை பண்றேன், இருந்து சாப்பிட்டுட்டுப் போ."

இந்த எட்டு மாதத்தில் ஆர்லீன் அவளை ஒருநாளும் இருந்து சாப்பிடச் சொன்னதில்லை.

"நான் போயிட்டு வந்துடறேன்" என்று நடீன் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

ஆர்லீனின் கை மாவில் அப்படியே நின்றது. அதை நடீன் பார்த்துவிட்டாள்.

*

கூடத்துக்குள் சோளம் போட்ட கோழி சூப்பின் ஆவி கமழ்ந்தது. தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வரிசையாக மேஜை போட்டிருந்தார்கள். மேஜைக்கு மேஜை பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு குனிந்த தலைகள்.

அப்பாவோடு மான் வேட்டைக்குப் போகும் கிழவர் ஒருவர் சூப்புக் கிண்ணத்தோடு எதிரில் வந்தார்.

"மெர்ல் வரலையா?"

"முட்டி வலியாம்."

"ம்." கிழவர் சூப்பை ஒரு வாய் குடித்தார். "வராததும் நல்லதுதான்."

"ஏன் அப்படிச் சொல்றீங்க?"

"சும்மா சொன்னேன்மா. சூப்பு ஆறிடும், வரட்டுமா?" கிழவர் சேற்று பூட்ஸோடு வேகமாக நழுவிவிட்டார்.

 பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்வது நடீனின் வேலை. வாயைத் திறக்குமுன்பே முகத்தைப் பார்த்து, இந்த ஆள் பல் தேய்த்தேன் என்று பொய் சொல்லப்போகிறான் என்று கண்டுபிடித்துவிடுவாள். இங்கே பாதிப் பேர் அந்த முகத்தோடு அவளைப் பார்த்தார்கள்.

மூலை மேஜை டென்னி ஃபௌஸ்டுடையது. வாரில் தொங்கும் கால்சட்டையும் வாயில் பல்குச்சியுமாக எப்போதும் உரக்கப் பேசும் வியாபாரி. அவன் எதிரில் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒரு வயதான பெண்மணி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் ஓர் அட்டைப் படத்தை ஏந்தியிருந்தாள். கன்னம் முழுக்க ஈரம். துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு.

நடீன் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

மோர்மூஞ்சி!

அலமாரியின் அடி இழுப்பறையில் பேர் தெரியாத அதிகாரிகளை மட்டும் அப்பா தனியாகப் போட்டு வைத்திருப்பார். பேர் இல்லாத படத்துக்குச் சந்தையில் மதிப்பு இல்லை என்பதால் குழந்தைகள் தொட்டாலும் திட்ட மாட்டார். மழை நாட்களில் அம்மாவும் நடீனும் அவற்றைத் தரையில் பரப்பிப் பட்டப்பேர் வைத்து விளையாடுவார்கள். புளித்த மோரைக் குடித்த மாதிரி உதட்டைக் கோணிக்கொண்டு, மூன்றாவது பொத்தான் திறந்து, இடது புருவத்தில் வெட்டுக் காயத்தோடு நிற்கும் இந்த லெப்டினன்டுக்கு அம்மா வைத்த பேர்தான் அது. வலது கீழ் மூலையில் அட்டை மடங்கியிருந்தது. ஒன்பது வயதில் நடீன் முழங்காலை வைத்து மடக்கியது.

"யாரு இவர்?" என்று கேட்டாள். 

பெண்மணி நிமிர்ந்தாள். "என் கொள்ளுத்தாத்தாம்மா. எலையாஸ் கூன்ட்ஸ். என் பேரு ஹேஸல் கூன்ட்ஸ். இவரைத் தேடித்தான் ஒஹையோவிலேருந்து வந்தேன்." படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். "வீடு எரிஞ்சப்போ இருந்த ஒரே படமும் போயிடுச்சு. எங்க தாத்தா தன் அப்பா முகத்தைப் பார்க்காமலே செத்தார். எங்கப்பாவும் பார்க்கல. நான் பார்த்துட்டேன். இந்த மோவாயைப் பாரேன். என் தம்பிக்கு அப்படியே இதே மோவாய்."

படத்தைத் திருப்பிக் காட்டினாள். போட்டோக்கடை முத்திரைக்குக் கீழே பழுப்பு மையில் சாய்வான எழுத்து: 'எலையாஸ் கூன்ட்ஸ், முதல் லெப்டினன்ட்.'

நடீனுக்குத் தெரிந்து அந்த முதுகு வெறும் முதுகு. முத்திரையைத் தவிர அதில் ஓர் எழுத்தும் இருந்ததில்லை.

"டென்னி, இது எங்கேருந்து வந்தது?"

"என்னம்மா இப்படிக் கேக்கறே? உங்க வீட்டுச் சரக்குதான்." டென்னி பல்குச்சியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளினான். "உங்க அப்பாவோட புதுச் சம்சாரம்தான் கொண்டுவந்து தருது. செவ்வாய்க்கிழமையானா வந்துடும். மெர்ல் ரூடிசில் அலமாரியிலேருந்து வந்ததுன்னா நான் ஏன் எதுக்குன்னு கேக்கறதில்ல."

ஆக, ஆர்லீன்!

கல்யாணப் பத்திரிகைகளில் பேர் எழுதித் தருவது ஆர்லீனுக்குப் பொழுதுபோக்கு. சுழித்துச் சுழித்து அழகாக எழுதுவாள். நடீனுக்கு மனதுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் எழும்பியது. எட்டு மாதமாக எல்லோரும் நடீனைத்தான் பொறாமைக்காரி என்றார்கள் அல்லவா?

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் ஹேஸல் கூன்ட்ஸ் கைப்பையைத் திறந்து காசோலைப் புத்தகத்தை எடுத்தாள்.

ஒரு வார்த்தை பேசினால் அப்பாவின் பேர் இந்தக் கூடத்திலேயே நாறிப்போகும். வாயை மூடிக்கொண்டால் இந்த அம்மாள் சந்தோஷமாக ஊர் போய்ச் சேருவாள். யாருக்கு என்ன நஷ்டம்?

"அது அவர் இல்லம்மா" என்றாள் நடீன்.

பேனா நின்றது.

"என்ன சொல்றே?"

"அது உங்க கொள்ளுத்தாத்தா இல்ல. யாருன்னு யாருக்குமே தெரியாது. எங்க வீட்டுல பேர் தெரியாதவங்க இழுப்பறையில இருந்த படம். இந்த மூலையை மடக்கினது நான்தான். பின்னாடி அப்ப எதுவும் எழுதியிருக்கல."

"நடீன்!" டென்னி பாதி எழுந்துவிட்டான். "என் வியாபாரத்துல மண்ணைப் போடறதுக்குன்னே வந்தியா?"

ஹேஸல் அவனைக் கவனிக்கவில்லை. அவள் முகம் இறுகிவிட்டிருந்தது.

"ஒரு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா நீ? கையெழுத்துப் போட்டு, கார்ல ஏறியிருப்பேன். உனக்கு என்ன குறைஞ்சு போயிருக்கும்?"



"என் தம்பி மோவாய்" என்றாள் ஹேஸல் மறுபடி, தனக்குத்தானே. பிறகு படத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்தாள். எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ இந்தப் பேரை யார் எழுதினது?"

"என் அப்பாவோட ரெண்டாவது மனைவி. போன கோடையிலதான் வந்தாங்க. அவங்களுக்கு..."

"இல்ல." ஹேஸல் தலையை ஆட்டினாள். "எலையாஸ் கூன்ட்ஸ் ஜெனரல் இல்ல. எந்தப் புஸ்தகத்துலயும் அவர் பேரைத் தேடி எடுத்துட முடியாது. மூணு வருஷம் முன்னாடி இதே கூடத்துல ஒருத்தர்கிட்ட மட்டும்தான் அவரைப் பத்திச் சொன்னேன். பேரு, பட்டாளம், எங்க செத்தார், எல்லாம். நல்ல மனுஷன். சூப்பு வாங்கிக் கொடுத்து, கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டார். கிடைச்சா டென்னிகிட்ட சொல்லி வைக்கறேன்னார்."

நடீனுக்குக் கேட்காமலே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டாள்.

"அவர் பேரு?"

"மெர்ல் ரூடிசில். உங்க அப்பாதானே அது? அவர் வீடு எங்க இருக்கு? நான் அவரைப் பார்க்கணும்."

*

விலாசத்தை நடீன்தான் சொன்னாள். ஹேஸல் வருவதற்குள் வீட்டில் இருக்கவேண்டும் என்று சேறு தெறிக்க ஓட்டி வந்தாள்.

நேராக அலமாரிக்குப் போனாள். பூட்டு திறந்தே கிடந்தது. அடி இழுப்பறையை இழுத்ததும் வெறும் மரத்தின் சத்தம் கேட்டது. மூலையில் இரண்டே படங்கள். வெளிறிப்போய், மூக்கும் வாயும் தெரியாத இரண்டு பேர். மற்ற அத்தனை பேரும் போய்விட்டார்கள்.

"நான்தான் கொண்டு போய்க் கொடுத்தேன்" என்றது முதுகுக்குப் பின்னாலிருந்து ஆர்லீனின் குரல். ஏப்ரனில் மாவு. "அவரு கவர்ல போட்டுத் தருவார். டென்னிகிட்ட கொடுத்துட்டு வான்னுவார். எனக்கு எல்லாச் சிப்பாயும் ஒண்ணுதான். யாரு எவருன்னு நான் கண்டேனா?"

"நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"போன வாரம் கராஜ்ல பெயின்ட் டப்பா தேடப் போனேன். பழுப்பு மை எடுக்க ஒரு ஜாடியில கறுப்பு வால்நட் தோலை ஊறவச்சிருந்தார். பக்கத்துல இரும்பு நிப்புப் பேனா. அப்பத்தான் தெரிஞ்சது." ஆர்லீன் குரலைத் தாழ்த்தினாள். "நிறுத்திக்கோன்னேன். உன்கிட்ட அவரே சொல்லட்டும்னு விட்டேன். உனக்கு என்மேல நம்பிக்கை கிடையாதுன்னு தெரியும் நடீன். நான் வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

நடீனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா பின்கட்டு வெயில் அறையில் உட்கார்ந்திருந்தார். மடியில் செய்தித்தாள். மகள் வந்து நின்றதும் அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அந்தம்மா வந்தாங்களா? முகம் பிடிச்சிருந்துதா அவங்களுக்கு?"

"அப்பா!"

"அழுதாங்களா?"

"அழுதாங்க. அப்புறம் அது அவர் இல்லன்னு நான் சொன்னேன்."

மெர்ல் செய்தித்தாளை மடித்தார். திரும்ப மடித்தார்.

"ஏன் சொன்னே?"

"நீங்க ஏன் எழுதினீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார். தோட்டத்து ஓரத்தில் கரையாத பனி அழுக்காகக் கிடந்தது.

"வருஷா வருஷம் வந்து நிப்பாங்கடி. என் தாத்தா முகம் எப்படியிருக்கும்னு கேப்பாங்க. கையில வெறும் பேரை வச்சுக்கிட்டு அலைவாங்க. என்கிட்ட இழுப்பறை நிறைய முகம் இருக்கு, பேர் இல்ல. உங்கம்மா போனப்புறம் அந்த இழுப்பறையைத் திறந்து வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் பார்த்துக்கிட்டிருப்பேன். இவனுங்களுக்கு யாரும் இல்ல, அவங்களுக்கு இவனுங்க இல்ல. சேர்த்து வச்சா என்ன தப்பு?"

"ஜோடி சேர்த்து வைக்க நீங்க என்ன கல்யாணத் தரகரா?"

"ஏறக்குறைய பொருத்தம் பார்த்துத்தான் கொடுத்தேன். வயசு, தோள்ல இருக்கிற பதவிப் பட்டை, எந்த ஊர் போட்டோக்கடைன்னு..."

"அப்போ மோர்மூஞ்சியோட சொந்தக்காரங்க? நாளைக்கு நிஜமான பேத்தி ஒருத்தி வந்து தேடினா? அவர் கூன்ட்ஸ்னு எழுதிட்டீங்களே. இனிமே அவரை யார் கண்டுபிடிப்பா?"

  இந்தக் கேள்வியை மெர்ல் தன்னிடம் கேட்டுக்கொண்டதே இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அதனாலதானே இன்னைக்கு நீங்க வரல?" நடீனின் குரல் இறங்கியது. "முட்டியும் இல்ல, மண்ணும் இல்ல."

"எதிர்ல நின்னு அவங்க தேங்க்ஸ் சொன்னா என்னால தாங்க முடியாது" என்றார் அப்பா.

வாசலில் கார்க் கதவு சாத்தும் சத்தம்.

மெர்ல் சட்டென்று எழுந்தார். எட்டு வைத்துப் போய், நடீன் தடுக்குமுன் முன்கதவைத் திறந்துவிட்டார்.

"வாங்க மிஸ் கூன்ட்ஸ். உள்ள வாங்க. வெளியில குளிருது."

ஹேஸல் உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை. ஹாலில் இருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், கைப்பை மடியில்.

"ஒரே கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன். உங்க மக சொல்றது நிஜமா?"

மெர்ல் மகளைப் பார்த்தார். பிறகு வந்தவளைப் பார்த்து, முப்பது வருஷமாகச் சந்தையில் எல்லோரும் நம்பிய அதே நிதானமான குரலில் சொன்னார்.

"சின்ன வயசுல அவ பார்த்தது வேற படம். குழந்தைங்களுக்கு எல்லாச் சீருடையும் ஒரே சீருடைதான். உங்க கையில இருந்தது எலையாஸ் கூன்ட்ஸ்தான். நான் சொல்றேன்."

 ஹேஸலின் தோள்கள் தளர்ந்து இறங்குவதை நடீன் பார்த்தாள். நம்ப ஆசைப்படுகிறாள். இன்னும் ஒரு வார்த்தை போதும், நம்பிவிடுவாள்.

"மெர்ல்." ஆர்லீன் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நீ சொல்லிடு. நான் சொல்ற மாதிரி வச்சுக்காதே."

 அடுப்பில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

மெர்ல் பின்னால் கையை நீட்டித் தடவிப் பார்த்து, சோபாவில் உட்கார்ந்தார். எழுபத்துமூன்று வயதும் ஒரே சமயத்தில் வந்து அவர்மேல் இறங்கிய மாதிரி இருந்தது.

"நான்தான் எழுதினேன்" என்றார். "அவர் யாருன்னு எனக்குத் தெரியாது. உங்க கொள்ளுத்தாத்தா எப்படி இருந்தார்னும் எனக்குத் தெரியாது. தப்புதான்மா."

ஹேஸல் திட்டுவாள் என்று நடீன் எதிர்பார்த்தாள். அவள் திட்டவில்லை. எதையோ யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வெளுத்துக்கொண்டே போயிற்று.

"அன்னைக்கு உங்ககிட்ட நான் தனியா பேசல. பெர்னீஸ் கூட இருந்தா, என் சித்தப்பா மக. ஞாபகம் இருக்கா?"

மெர்ல் ஆமென்று தலையை அசைத்தார்.

"அவளும் அவ அம்மாவழிக் கொள்ளுத்தாத்தா பேரைச் சொன்னா. கேப்டன் ஜோனஸ் விட்மர். போன அக்டோபர்ல டென்னி அவளைக் கூப்பிட்டு, படம் கிடைச்சிருக்குன்னான். என் சித்தி அப்ப ஆஸ்பத்திரியில கடைசி மூச்சு இழுத்துக்கிட்டிருந்தா. நாங்க அந்தப் படத்தை அவ கையில கொடுத்தோம். அதைப் பார்த்துக்கிட்டே போயிட்டா. படத்தை அவ கையோடயே பெட்டியில வச்சுப் புதைச்சோம்."



"ரூடிசில்" என்றாள் ஹேஸல், மிகவும் மெதுவாக. "எங்க சித்தி கையில இருக்கறது யாரு?"

அப்பா கண்களை மூடிக்கொண்டார். இல்லை, அதில் என் கை இல்லை என்று சொல்லிவிடுங்களேன் என்று நடீன் மனதுக்குள் கெஞ்சினாள்.

"அவர் ஒரு கையில மட்டும் கையுறை போட்டிருந்தாரா?" என்று கேட்டார் மெர்ல்.

"இடது கையில" என்றாள் ஹேஸல். மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.